பாட்டன் காலத்து ஓட்டுவீட்டின் உள்ளே எதை வைப்பது, எதை விடுவது

கேட்டிருந்தது சுருக்கமாக இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் தாத்தா கட்டிய ஓட்டுவீடு ஒன்று இருக்கிறது. முன்னால் திண்ணை, நடுவில் ஒரு பெரிய அறை, அதை ஒட்டி நெல் போட்ட அறைப்புரை, பின்னால் சாய்ப்பு இறக்கிய அடுக்களை. மாதத்தில் சில நாள் போய்த் தங்கலாம் என்று இருக்கிறோம், உள்ளே 1940களில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர ஆசை, கையில் பணம் அதிகம் இல்லை, எங்கே தொடங்குவது?

பணம் அதிகம் இல்லாதது இந்த வேலைக்கு நல்லது என்றே சொல்வேன். பழைய வீட்டைச் செப்பனிடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சாதாரணக் குடியானவன் வீட்டைப் பண்ணையார் வீடாக மாற்றிவிடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து தூண், ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல், பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்ட பூ, சுவரில் வண்டிச்சக்கரம். இவை எதுவும் திருவட்டாறுக்காரன் வீட்டில் இருந்ததில்லை. ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம், விளையும் வயலும் பத்துப் பதினைந்து தென்னையும் கொஞ்சம் பனையும் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் எது எங்கே இருக்கும் என்பதை அந்த வீட்டில் நடந்த வேலைதான் முடிவு செய்தது. நெல் வந்து இறங்கும் இடம், குத்தும் இடம், அளக்கும் இடம், காய வைக்கும் இடம், சமைக்கும் இடம் என்று முதலில் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இடம் தானாகத் தெரியும். மிச்சம் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அன்றைக்கு அது காலியாகத்தான் கிடந்தது.

அடுத்தது, வருடத்தை முடிவு செய்வது. '1940கள்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஜில்லா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய ஆதாரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும், மேற்குத் தாலுகாக்களில் பலதும் மலையாளத்தில் இருக்கும், வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. எனவே ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதற்குப் பிறகு 825 கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும். 1115 ஆவணி என்றால் 1939 ஆகஸ்ட். பாகப்பத்திரம் ஏதாவது கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய பாகப்பத்திரங்கள் சிலவற்றில் நிலத்தோடு பாத்திரம், பெட்டி, உரல், கட்டில் வரைக்கும் எண்ணி எழுதியிருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழியை மாற்றிய ரெகுலேஷன் 1926-ல் வந்த பிறகு இப்படிப் பிரித்து எழுதியது நிறைய. உங்கள் குடும்பத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தால் அந்த வசதியுள்ள வீட்டில் என்னென்ன இருந்தது என்று கணக்கு கிடைக்கும். கல்யாணத்துக்குப் பெண்ணோடு கொடுத்துவிட்ட சாமான் பட்டியலும் அப்படியே உதவும்.

ஓட்டையும் இறக்கிப் பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் அடிப்பக்கத்தில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொடங்கியதுதான் இந்த ஓடு, அப்புறம் பல ஊர்களில் சூளை வந்தது. ஒரே கூரையில் ரெண்டு மூன்று கம்பெனி ஓடு கலந்து கிடந்தால் இடையில் ஒருமுறை கூரை பிரித்து மேய்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே சாய்ப்பு எப்போது சேர்ந்தது என்பதற்கும் அது துப்பு கொடுக்கும்.

இனி சுவர். எதையும் சுரண்டிப் பூசுவதற்கு முன்னால் கதவுக்குப் பின்பக்கம் மூலையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் பிளேடால் மெதுவாக ஒவ்வொரு அடுக்காக எடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட், அதற்கு அடியில் டிஸ்டெம்பர், அப்புறம் நீலம் கலந்த வெள்ளை, அதற்கும் கீழே ஏடு ஏடாக வெறும் சுண்ணாம்பு. ஒவ்வொரு வெள்ளையடிப்பும் ஒரு மெல்லிய வரி. அந்த வரிகளுக்கு நடுவில் ஒரு இடத்தில் புகை ஏறிய பழுப்பு வரும். மின்விளக்குக்கு முந்தின காலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாடக்குழியைப் பாருங்கள். அதன் மேல்விளிம்புக்கு மேலே முக்கோணமாகக் கரி படிந்திருந்தால் அங்கே தினமும் விளக்கு எரிந்தது. அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆணி அடித்த துளைகள், உத்திரத்தில் கயிறு உரசிய பள்ளம், தொட்டில் கட்டிய வளையம், வாசல்படியில் நடு தேய்ந்த இடம், எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறி எங்கே தொங்கியது, துணி போடும் கொடி எங்கே கட்டியிருந்தது என்பதை உங்கள் தாத்தாவே எழுதிவைத்த மாதிரி அந்தத் துளைகள் சொல்லிவிடும்.

மண்சுவர் அல்லது வெட்டுகல் சுவர்மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும். நமக்கு வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பும் மண்ணும் அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளி, கடைசியில் சுவர் மண்ணையே கரைக்கும். சிமெண்டை உளியும் கையுமாக மெதுவாக எடுங்கள், பெரிய சுத்தியல் வேண்டாம், மண்சுவர் அதிர்ச்சி தாங்காது. பிறகு செம்மண், மணல், நறுக்கிய வைக்கோல், கொஞ்சம் உமி சேர்த்துக் குழைத்து, ரெண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுப் பூசுங்கள். அதற்குமேல் சுண்ணாம்பு வெள்ளை. நம் கடற்கரையில் சிப்பியை நீற்றி எடுத்த சுண்ணாம்புதான் அன்றைக்கு வழக்கம். கிடைத்தால் அதையே வாங்குங்கள். தண்ணீரில் நீற்றி, குறைந்தது ரெண்டு வாரம் மூழ்கக் கிடந்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் சேர்த்து, பால் பதத்தில் மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் செதில் செதிலாக உரியும். அடிப்பதற்கு முன்னால் சுவரை நனைக்க மறக்கக் கூடாது. அடித்த அன்று சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் வெளுக்கும்.

தரையைப் பற்றித்தான் எல்லாரும் தவறான ஆசையோடு வருகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்பார்கள். அது ராஜா வீட்டுத் தரை. சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து, ஆள் வைத்து நாள்கணக்கில் தேய்த்தது என்று சொல்வார்கள். குடியானவன் வீட்டில் அடித்து இறுக்கிய மண்தரை, மேலே சாணி மெழுக்கு. சிவப்புக் காவித் தரையும் சிமெண்ட் வந்த பிறகு சேர்ந்ததுதான், நீங்கள் சொல்லும் வருடத்துக்கும் வசதிக்கும் அது பொருந்தாது.

மண்தரை போடுவது கஷ்டமில்லை, ஆனால் அவசரப்பட்டால் வெடிக்கும். பழைய தரையைக் கொத்தி, கல் பொறுக்கி, செம்மண்ணும் மணலும் கலந்து ஈரப்பதமாகப் பரப்புங்கள். புற்றுமண் கிடைத்தால் கால்பங்கு சேர்க்கலாம், நன்றாக இறுகும். திமிசுக்கட்டையால் இடித்து, மறுநாள் தட்டுப்பலகையால் தட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடி மெதுவாகக் காயவிடுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் சாக்கை விலக்கிப் பார்த்தால் தலைமுடி அளவுக்கு விரிசல் தெரியும்; அப்போதே தட்டிவிட்டால் மூடிக்கொள்ளும், ரெண்டு நாள் விட்டால் மூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, எரித்த சிரட்டைக்கரியை அம்மியில் நைஸாக அரைத்து, புதுச்சாணியோடு தண்ணீர் விட்டுக் கரைத்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக மெழுகுங்கள். அந்தக் கைத்தடத்தின் வளைவுகள் காய்ந்த பிறகும் தரையில் தெரியும், சாய்வாக வெயில் விழும்போது வரிசை வரிசையாகத் தெரியும். அதை மட்டப்படுத்தப் பார்க்காதீர்கள். சாணி வாடை காய்ந்ததும் போய்விடும். மாதத்தில் சில நாள்தான் இருப்பீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: மெழுக்குத் தரைக்கு வாரம் ஒருமுறையோ ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கை தேவை. பக்கத்தில் ஒரு அக்காவிடம் கூலி பேசி ஏற்பாடு செய்ய முடியும் என்றால் மட்டும் முழு வீட்டுக்கும் செய்யுங்கள். முடியாவிட்டால் நடு அறைக்கும் அறைப்புரைக்கும் மண்தரை, அடுக்களைக்குப் பழைய செங்கல் பாவுதல் என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் நம் ஊரில் இருந்ததுதான்.

மரவேலைக்கு வருகிறேன். கூரையைத் தாங்கும் கழுக்கோல் பெரும்பாலும் பனையாக இருக்கும், நிலையும் கதவும் அயனி அல்லது பலாவாக இருக்கும். செதல் (கறையான்) அரித்ததை மட்டும் மாற்றுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். புதிதாகப் போடும் பனங்கை முற்றின மரத்தில் அறுத்த வைரமாக இருக்க வேண்டும். இளம்பனை என்றால் சீக்கிரம் உளுத்துவிடும். சுவருக்குள் போகும் முனைகளுக்கு அண்டி எண்ணெய் அடிப்பது பழைய வழக்கம். அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, பக்கம் விசாரித்தால் கிடைக்கும். முந்திரித் தோட்டிலிருந்து வடிவது, செதலை நன்றாகத் தடுக்கும், ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கதவுக்கு வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பளபளப்பு வந்த அந்த நிமிஷமே வீடு ரிசார்ட் ஆகிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

அடுக்களையில் நேரம் செலவு செய்யுங்கள், இந்த வீட்டின் உயிரே அங்கேதான். மண் அடுப்பு, பக்கத்தில் கொடியடுப்பு, மேலே பரண். பரண் எதற்கு என்று புரிந்துகொண்டால் அடுக்களை தானாக அமையும். மழைக்காலத்தில் கருப்பட்டி வெளியே இருந்தால் கசிந்து உருகும், அதனால் ஓலைப்பெட்டியில் போட்டுப் புகை படும் இடத்தில் வைத்தார்கள். விதை, காய்ந்த மிளகாய், புளி, கருவாடு எல்லாம் அந்தப் பக்கம்தான். அதே புகை கூரையிலிருக்கும் பனங்கையையும் பூச்சியிலிருந்து காப்பாற்றியது. அடுக்களையில் எரிவாயு மட்டும் வைத்துவிட்டால் கூரை பாழாகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்து தங்கும் நாட்களில் ஒரு வேளையாவது விறகு எரியுங்கள். விறகு என்றால் கதம்பல் (தேங்காய் மட்டை), சிரட்டை, கொதும்பு (பாளை), மடல், தென்னையிலிருந்து விழுவது எல்லாம்.

பாத்திரம் குறைவாக வையுங்கள். கஞ்சிப்பானை ஒன்று, குழம்புச்சட்டி ஒன்று, மீன்சட்டி தனியாக ஒன்று, தண்ணீர்ப்பானை, ரெண்டு கலயம், சிரட்டை அகப்பை, உப்புக்கு ஒரு மரவை (மரக்கிண்ணம்), ஒரு செம்புக்குடம், நல்லநாளைக்கு எடுக்கும் ஒரு வெண்கலப் பாத்திரம், ரெண்டு மூன்று எனாமல் தட்டு. எவர்சில்வர் பிற்காலம். மண்பாண்டத்துக்குச் சுங்கான்கடை போங்கள். புதுச்சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அம்மியும் ஆட்டுரலும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே மண்ணுக்குள் கிடக்கும், தேடிப் பாருங்கள். ஒரு விஷயம் 1940களை உடனே காட்டிவிடும்: மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880களின் தொடக்கத்தில் ஆண்டபோது பரவிய கிழங்கு, 1942-ல் பர்மா ஜப்பான்காரர்கள் கையில் போய் அங்கிருந்து அரிசி நின்றபோது ஏழை வீடுகளைக் காப்பாற்றியது. வெட்டிக் காயவைத்த கிழங்கு நிறைந்த ஒரு கடவம் (ஓலைக்கூடை) அந்த அடுக்களையில் இருந்தால் அதுவே போதும், காலம் சொல்ல வேறு ஒன்றும் வேண்டாம்.

அறைப்புரையில் நெல் போடும் பெரிய மரப்பெட்டியான பத்தாயம் வைக்க ஆசைப்படுவீர்கள். பழைய சாமான் கடையில் பார்த்ததும் வாங்கத் தோன்றும். கதவு வழியாக அது நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள். நுழையாவிட்டால், கட்டும்போதே உள்ளே வைத்துச் செய்திருந்தால் ஒழிய, உங்கள் வீட்டில் அது இருந்ததில்லை. சின்னக் குடியானவன் நெல்லை மண்ணால் செய்த குலுக்கையிலும் பெட்டியிலும்தான் போட்டான். அதைவிட முக்கியம் விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து கட்டும் விதைக்கோட்டை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ரெண்டு பூவும் விளைந்த ஊரில் அடுத்த பூவுக்கான விதையை எலிக்கும் ஈரத்துக்கும் தப்ப வைப்பதுதான் வீட்டின் பெரிய கவலை. வைக்கோல் புரியைத் தரையில் வட்டமாக அடுக்கி, உள்ளே வைக்கோல் விரித்து, நன்றாகக் காய்ந்த விதைநெல்லைக் கொட்டி, நுனிகளை மேலே கூட்டி இறுக்கிக் கட்டி, தடியால் தட்டித் தட்டி உருண்டையாக்கி, வெளியே சாணி மெழுகி வெயிலில் காயவைப்பார்கள். கட்டத் தெரிந்த கைகள் இன்னும் தோவாளை, பூதப்பாண்டி பக்கம் இருக்கலாம், வயலில் வேலை செய்த பெரியவர்களிடம் கேளுங்கள். நாழியும் மரக்காலும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். லிட்டர் படி வேண்டாம், மெட்ரிக் அளவை 1950களின் கடைசியில்தான் வரத் தொடங்கியது. சுளவு (முறம்), சல்லடை, உலக்கை சுவரோரம். உரல் அடுக்களைச் சாய்ப்பில், ஒருவர் நின்று உலக்கையை முழுசாகத் தூக்க முடிகிற உயரம் உள்ள இடத்தில். தலைக்கு மேலே இடிக்கிற இடத்தில் உரலைப் போட்டு வைத்தால் பார்க்கிற எந்தக் கிழவிக்கும் உடனே தெரிந்துவிடும்.

நடு அறையில் ஒரு கட்டில் போதும், பனைநார் பின்னியது. மற்றவர்களுக்குப் பாய், சுருட்டி மூலையில் நிறுத்தியிருக்கும், விருந்தாளிக்கு மட்டும் ஒரு பத்தமடைப் பாய் தனியாக. ஒரு டிரங்குப் பெட்டி, துணி போடக் கொடி, உட்காரப் பலகை. பனை ஏறிய குடும்பம் என்றால் ஏறுகிறவர் கொண்டுபோகும் அருவாப்பெட்டியும் முறுக்குத்தடியும் திண்ணைச் சுவரில், அக்கானி (பதநீர்) காய்ச்சிய பெரிய பானை சாய்ப்பில். சாய்வு நாற்காலி உங்கள் பத்திரத்திலோ வீட்டுப் பெரியவர்கள் நினைவிலோ இருந்தால் வையுங்கள். இந்து வீடு என்றால் சின்ன நிலவிளக்கும் சாமி படமும், கிறிஸ்தவ வீடு என்றால் வேதப்புத்தகமும் வசனம் எழுதிய ஒரு சட்டமும். ரவிவர்மா அச்சகம் 1894-ல் தொடங்கியதிலிருந்தே அச்சடித்த சாமி படங்கள் எளிய வீடுகளுக்கும் வரத் தொடங்கிவிட்டன, ஆனால் ஒன்றுக்கு மேல் மாட்டாதீர்கள். படத்தை உயரத்தில், மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்க மாட்டுவதுதான் அன்றைய பழக்கம், தரையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது.

வெளிச்சத்தைக் கடைசியில் யோசிக்காதீர்கள். சின்ன ஜன்னலும் தாழ்ந்த இறவாரமும் உள்ள வீடு பகலிலும் இருட்டாகத்தான் இருந்தது, கண்ணாடி ஓடு நாலைந்து போட்டு வெளிச்சமாக்கினால் எல்லாமே மாறிவிடும். அடுக்களைக்கு மேல் ஒன்று போதும். இரவுக்குச் சிமினி விளக்கும் ஒரு அரிக்கேனும். கடற்கரைப் பக்கம் புன்னைக்காய் எண்ணெயும் எரித்தார்கள். இன்றைய தேவைக்கு வயர் இழுக்கத்தான் வேண்டும், அதைக் கழுக்கோலின் மேல்பக்கமாக ஓட்டி, சுவிட்சுகளைக் கதவுக்குப் பின்னால் வையுங்கள். ஃபேன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மேஜை ஃபேன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எடுத்து மறைத்துவிடலாம். கக்கூஸையும் குளியலறையையும் வீட்டோடு சேர்க்காமல் கொல்லையில் தனியாகக் கட்டுங்கள், அன்றைக்கும் வீட்டுக்குள் அவை கிடையாது.

சாமான் வாங்க வடசேரி கனகமூலம் சந்தை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் மூன்றும் சுற்றினாலே ஓலைப்பெட்டி, கடவம், பாய், கயிறு எல்லாம் கிடைத்துவிடும். இவை புதிதாக இருப்பது குறை இல்லை. 1945-லும் அந்த வீட்டில் ஓலைப்பெட்டி புதிதாகத்தான் இருந்திருக்கும், வருடா வருடம் மாற்றுவதுதானே. கல்லும் மரமும் உலோகமும் பழசாக இருக்கட்டும், ஓலையும் மண்ணும் நாரும் புதுசாக இருக்கட்டும். சென்னைப் பக்கம் போகும்போது முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் விவசாயி வீட்டைப் போய்ப் பாருங்கள். அது நம் ஊர் வீடு இல்லை, ஆனால் எவ்வளவு கொஞ்சம் பொருளை வைத்து ஒரு வீட்டைக் காட்ட முடியும் என்பது தெரியும்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். மார்கழி முடிந்து மழை விட்டதும் கூரை. தையில் சிமெண்டை எடுத்துவிட்டு மண்பூச்சு, அது காய்ந்ததும் மாசியில் வெள்ளை. ஆள் நடமாட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு பங்குனியில் தரை, சாரல் தொடங்குவதற்குள் அது நன்றாக இறுகிவிடும். கும்பப்பூ அறுப்பும் இதற்கு நடுவில்தான் வருகிறது, அதனால் மாசியிலேயே பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) சொல்லிவைத்துப் புதுவைக்கோல் ரெண்டு கட்டு வாங்கி நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள், தரை காய்ந்ததும் விதைக்கோட்டை கட்ட அது வேண்டும்.